விழுங்கவா, கரைக்கவா, உறிஞ்சவா?

கீழ்பென்னாத்தூரில் மருந்துக்கடை கவுன்டரில் நிற்பவனுக்குக் காலை முதல் பஸ்ஸோடு வேலை தொடங்கிவிடும். அவலூர்பேட்டைப் பக்கமிருந்து வந்த ஆயா ஒருவர் ஒருநாள் சுருக்குப்பையை அவிழ்த்து, சின்ன பிளாஸ்டிக் டப்பி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். "பத்து நாளா வேளை தவறாம முழுங்கறேன் தம்பி. இழுப்பு அப்படியேதான் இருக்குது."

டப்பியைத் திறந்து பார்த்தேன். மூச்சுக்கருவிக்குள் போட்டு உறிஞ்ச வேண்டிய கேப்சூல். அதைத்தான் பத்து நாளாகத் தண்ணீர் குடித்து விழுங்கியிருக்கிறார். நுரையீரலுக்குப் போகவேண்டிய பொடி வயிற்றுக்குப் போயிருக்கிறது. கொடுத்தவன் நான்தான். "கருவி தனியா வாங்கணும் ஆயா" என்றேன், "அடுத்த வாட்டி" என்றார், கூட்டத்தில் நானும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு மருந்தின் பேரைச் சொல்வதற்கு முன்னால் அது எந்த வழியாகப் போகவேண்டும் என்பதைச் சொல்லத் தொடங்கினேன். கவுன்டரில் தினமும் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். வீட்டுக்கு வந்தபிறகு அதை எப்படிக் கையாள்வது என்பது மட்டும் இங்கே.

1. மருந்து வாங்கியதும் கவுன்டரை விட்டு நகராமல் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வழியாக, எந்த வேளை, எத்தனை நாள்? எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகக் காகித உறையில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை என்று படம் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தக் கடைக்காரரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்.

2. மாத்திரையை எச்சிலோடு விழுங்குவது சாமர்த்தியம் இல்லை. உட்கார்ந்தோ நின்றோ ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்குங்கள். விழுங்கிய கையோடு பாயில் சாயாதீர்கள். டாக்ஸிசைக்ளின் மாதிரியான கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிவிடும். "நெஞ்சுல முள்ளு குத்தற மாதிரி இருக்குது" என்று மறுநாள் வருபவரைக் கேட்டால், படுத்தபடியே ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டதாகச் சொல்வார்.

3. கேப்சூல் தண்ணீரில் மிதக்கும். தலையை அண்ணாந்தால் அது முன்பல் பக்கம் வந்துவிடும், தொண்டைக்குப் போகாது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு தலையை லேசாகக் குனிந்து விழுங்கிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

4. 'பெரிய மாத்திரையா இருக்குது, ரெண்டா உடைச்சுக்கலாமா?' எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். அட்டையில் மருந்துப் பேருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று ஏதாவது எழுத்து இருந்தால் கை வைக்காதீர்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி செய்த மாத்திரை அது. அம்மியில் வைத்து நுணுக்கினால் 24 மணி நேரத்துக்கான மருந்து ஒரே சமயத்தில் ரத்தத்தில் இறங்கிவிடும். பிரஷர் மாத்திரையாக இருந்தால் தலைசுற்றி விழவேண்டியதுதான். குடலில் கரையட்டும் என்று மேலே பூச்சு போட்ட மாத்திரைகளும் உண்டு. பான்டோபிரசோலை வயிற்று அமிலம் அழித்துவிடாமல் காப்பது அந்தப் பூச்சுதான். டைக்ளோஃபினாக் வயிற்றை நேராகத் தாக்காமல் தடுப்பதும் அதுதான். உடைத்தால் பூச்சு போட்டதே வீண்.

நடுவில் கோடு போட்டிருந்தால் பொதுவாகப் பாதியாக்கலாம். ஆனால் கோட்டிலும் சூட்சுமம் இருக்கிறது. மெட்டோபுரோலால் எக்ஸ்.எல். மாத்திரையைக் கோட்டில் பாதியாக்கலாம், பொடியாக்கக் கூடாது. சந்தேகம் என்றால் கேளுங்கள். விழுங்கவே முடியாதவர் வீட்டில் இருந்தால் அதை டாக்டரிடமே சொல்லிவிடுங்கள். அதே மருந்து சிரப்பாகவோ சின்ன மாத்திரையாகவோ கிடைக்கலாம்.

5. மெட்ஃபார்மின் எஸ்.ஆர். சாப்பிடுபவர் சிலர் ரகசியமாக வந்து, "மாத்திரை அப்படியே வெளியே வந்துடுது, போலி மருந்தா?" என்று கேட்பார்கள். வருவது வெறும் கூடு. உள்ளே இருந்த மருந்து ஏற்கெனவே கசிந்து உடம்பில் சேர்ந்துவிட்டது. பயந்து இன்னொரு மாத்திரை போட்டுவிடாதீர்கள்.

6. சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? தைராய்டு மாத்திரை விடிகாலையில், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. சத்துக்காகக் கால்சியமோ இரும்போ சாப்பிட்டால் அதற்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். பான்டோபிரசோல் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால். மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு. கர்ப்பிணிகளின் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடவே கூடாது. டீ இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது.

7. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை விழுங்கினால் அது கல்லீரல் வழியாகச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போகும், போகும் வழியிலேயே பாதி வீணாகும். அடியில் வைத்தால் அங்கிருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்கள் வழியே நிமிஷங்களில் வேலை செய்யும். நெஞ்சுவலிக்காரர்கள் சட்டைப்பையில் வைத்திருக்கும் சின்ன ஐசோசார்பைடு மாத்திரை இந்த வகை. வைக்கும் முன் உட்கார்ந்துவிடுங்கள், பிரஷர் சட்டென இறங்கும். வயாக்ரா வகை மாத்திரை சாப்பிட்டவருக்கு இதைக் கொடுத்தால் ஆபத்து. கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லவேண்டிய விஷயம் இது.

வலி நிற்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு என்று சந்தேகம் வந்தாலே கொடுப்பதற்கான ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரினை அங்கே மெல்லச் சொன்னால் மென்றே சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

8. மெல்லும் மாத்திரையை மெல்லத்தான் வேண்டும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பென்டசோல் 400 மி.கி. இந்த வகை. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு அரை மாத்திரை, அதையும் பொடியாக்கித் தண்ணீரில் கலந்து. முழு மாத்திரையை வாயில் திணித்து வாயைப் பொத்துவது பழைய வழக்கம். அதை அடியோடு விட்டுவிடுங்கள், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

9. தண்ணீரில் போட்டதும் புஸ்ஸென்று நுரைக்கும் மாத்திரையை அப்படியே விழுங்காதீர்கள். நுரை அடங்கட்டும், பிறகு குடியுங்கள்.

10. வயிற்றுப்போக்குக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரித்துப் பிரித்துக் கரைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஒரு டம்ளருக்கு ஒரு சிட்டிகை, மிச்சத்தை மடித்து உத்தரத்தில் செருகிவிடுவது. இது தப்பு. உப்பும் சர்க்கரையும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் குடல் தண்ணீரை உறிஞ்சும். கெட்டியாகக் கரைத்தால் போக்கு கூடும். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரே தடவையாகக் கொட்டுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 200 மி.லி.க்கான சின்ன பாக்கெட்டும் உண்டு, உறையில் படித்துப் பாருங்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஏற்றுவதற்குச் சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலநபிஸ் டிரம்மில் கரைத்து வாய்வழியாகக் கொடுத்துப் ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றிய கரைசலின் வழிவந்ததுதான் இந்தப் பாக்கெட்.

கூடவே கொடுக்கும் துத்தநாக மாத்திரை தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைவது. போக்கு நின்றாலும் 14 நாள் முழுக்கக் கொடுக்கவேண்டும். மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிற வீடுதான் அதிகம்.

11. சிரப்புக்கு வீட்டு ஸ்பூன் வேண்டாம். ஒரு ஸ்பூனில் 3 மி.லி. பிடிக்கும், இன்னொன்றில் 7. பாட்டிலோடு வரும் அளவு மூடிதான் அளவு. அதைத் தரையில் வைத்துக் கண்ணுக்கு நேராகப் பார்த்து ஊற்றுங்கள்.

12. குழந்தைக் காய்ச்சலுக்கான பாராசிட்டமால் இரண்டு வகையாக வருகிறது. இந்தக் குறிப்பை மட்டுமாவது வெட்டி அலமாரியில் ஒட்டிவிடுங்கள். சொட்டுமருந்தில் பொதுவாக 1 மி.லி.யில் 100 மி.கி. சிரப்பில் 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி.; இன்னொரு சிரப்பில் அதே 5 மி.லி.யில் 250. ஆகவே சின்ன பாட்டில் என்பதால் சொட்டுமருந்து லேசானது என்று நினைக்காதீர்கள், உண்மையில் அதுதான் கெட்டி. அக்கா பிள்ளைக்கு 5 மி.லி. கொடுத்தார்களே என்று கைக்குழந்தைக்குச் சொட்டு பாட்டிலிலிருந்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். ஒரு பெரியவருக்கான மாத்திரை அது.

குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. என்பது டாக்டர்கள் போடும் கணக்கு. இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம், ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. டாக்டர் '5 மி.லி.' என்று எழுதினால் 'எந்த பாட்டில்ல சார்?' என்று கேட்டுவிட்டு வாருங்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டிலைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

13. பொடியாக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப். பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, கூடவே வரும் சுத்தநீரையோ கொதித்து ஆறிய நீரையோ கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் மறுபடி கோடு வரை நிரப்புங்கள். முதல் தடவையிலேயே கோட்டைத் தொட்டால், பொடி கரைந்ததும் மட்டம் இறங்கும். அளவு கோணலாகிவிடும். கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். பெரும்பாலானவை ஏழு நாளுக்குத்தான். போன மாதம் தம்பிக்குக் கலந்தது தங்கைக்கு ஆகாது.

14. அடியில் படியும் மருந்தைக் குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் வெறும் இனிப்புத் தண்ணீர், கடைசி வாரம் கூடுதல் மருந்து.

15. இருமல் சிரப்பை நான் யாருக்கும் சீட்டு இல்லாமல் கொடுப்பதில்லை. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்தது. புதுக்கதையும் இல்லை. 1972-இல் சென்னையிலேயே இதே விஷத்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1937-இல், அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு மருந்தை இதில் கரைத்து விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாத்திரையாகக் கொடுத்தபோது பிரச்சினை வரவில்லை, திரவமாக மாற்றக் கரைத்த பொருள்தான் கொன்றது. 2025-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவுரையில் இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு இருமல், சளி மருந்தே வேண்டாம் என்றார்கள். சாதாரணச் சளி இருமல் தானாக அடங்கும். மூச்சு வாங்கினால், விலா உள்ளே இழுத்தால் சிரப் எதுவும் கைகொடுக்காது, டாக்டரைப் பாருங்கள்.

16. கைக்குழந்தைக்கு மருந்து கொடுக்கப் பாலாடையைவிட நல்ல கருவி இன்னும் வரவில்லை. குறைமாதக் குழந்தைகளுக்குப் பால் கொடுக்க ஆஸ்பத்திரிகளில்கூட அதைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஆனால் அளந்தபிறகு பாலாடையில் ஊற்றுங்கள், பாலாடையாலேயே அளக்காதீர்கள். குழந்தையைச் சாய்த்துப் பிடித்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றும் ஆயாக்களிடம் சண்டை போட்டாவது நிறுத்துங்கள். ஒரு வயதுவரை தேன் குழைத்துக் கொடுக்கவேண்டாம், தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளம் குடலில் விஷத்தைச் சுரக்கும். பால் பாட்டில் முழுவதிலும் மருந்தைக் கலந்துவிட்டால், குழந்தை பாதியில் வாயை மூடிக்கொண்டதும் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

17. கண் சொட்டு ஒரு துளி போதும். கண்ணில் ஒரு துளிக்கே முழுசாக இடமில்லை, மூன்று துளி விட்டால் இரண்டு கன்னத்தில்தான். கீழ் இமையைப் பை மாதிரி இழுத்து, முனை படாமல் விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிஷம் விரலால் அழுத்துங்கள். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிக் கசக்கும். இரண்டு வகைச் சொட்டு என்றால் நடுவில் ஐந்து நிமிஷம். திறந்து ஒரு மாதமானால், மிச்சம் இருந்தாலும் போடவேண்டாம்.

18. காது சொட்டைக் கையில் ஐந்து நிமிஷம் உருட்டிச் சூடேற்றுங்கள். குளிர்ச்சியாக விட்டால் தலை சுற்றும். பெரியவர்களுக்குக் காதை மேலும் பின்னுமாக, சின்னக் குழந்தைக்குக் கீழும் பின்னுமாக இழுத்தால் வழி நேராகும். சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதை எத்தனை முறை சொன்னாலும் விடமாட்டேன் என்கிறார்கள். காது சொட்டைக் கண்ணில் விட்டுக்கொண்டு ஓடி வந்தவர்களும் உண்டு. இரண்டு பாட்டிலையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

19. மூக்கடைப்பைத் திறக்கும் சொட்டு ஐந்து நாளைக்கு மேல் வேண்டாம். அப்புறம் அந்த மருந்தே மூக்கை அடைக்கும்.

20. ஆயா கதைக்கு வருகிறேன். மூச்சு மருந்தில் இரண்டு சாதி. அழுத்தினால் புகை மாதிரி வரும் 'பம்பு' ஒன்று, பொடி கேப்சூல் போட்டு உறிஞ்சும் கருவி இன்னொன்று. இரண்டுக்கும் மூச்சு நேர் எதிர். பம்பைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் கவ்வி, அழுத்தும்போதே மெதுவாக, ஆழமாக உள்ளே இழுக்கவேண்டும். பொடிக் கருவியில் வேகமாக, பலமாக இழுக்கவேண்டும், மெதுவாக இழுத்தால் பொடி கருவியிலேயே தங்கிவிடும். இரண்டிலும் பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடியுங்கள். கேப்சூல் ஓடு உள்ளே கிடந்தால் கவலையில்லை, பொடி மட்டும்தான் போகும். பொடிக் கருவிக்குள் மட்டும் மூச்சை ஊதாதீர்கள், ஈரம் பட்டால் பொடி கட்டிப்படும்.

குழந்தைக்கும் வயசானவர்களுக்கும் பம்போடு 'ஸ்பேஸர்' என்ற குழாயையும் வாங்கிவிடுங்கள், அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வரவேண்டிய அவசியம் இருக்காது. ஸ்டீராய்டு மருந்து என்றால் முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். உடனடி நிவாரணத்துக்கு ஒன்று, தினமும் தடுப்புக்கு ஒன்று என்று இரண்டு பம்பு கொடுத்திருப்பார்கள். இழுப்பு நின்றதும் தடுப்பு பம்பை நிறுத்துவதுதான் மார்கழிப் பனியில் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவைக்கிறது. ஆயா கருவி வாங்கிக்கொண்டு போன மறுவாரம் வந்தார். "சீட்டி அடிக்கிற சத்தம் நின்னுடுச்சு" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

21. களிம்புக்கு அளவு உண்டு. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். படர்தாமரைக்கு மூன்று மருந்து கலந்த ஸ்டீராய்டு களிம்பைக் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பி அலுத்துவிட்டது. முதல் வாரம் அரிப்பு அடங்கும், அடுத்த மாதம் வட்டம் இரண்டு மடங்காகும். முகம் வெளுக்கும் என்று அதே களிம்பைப் பூசும் பிள்ளைகளுக்குத் தோல் மெலிந்து ரத்தக்குழாய் தெரியத் தொடங்கும். 2018 முதல் இந்தக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

22. சொறி சிரங்குக்கான பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே ஓரிடம் விடாமல், விரலிடுக்கு, அக்குள், தொப்புள் உட்பட, ராத்திரி பூசிக் காலையில் குளியுங்கள். அரிக்காதவர் உட்பட வீட்டில் எல்லோரும் அதே ராத்திரியில் பூசவேண்டும். ஒருவர் விட்டாலும் பூச்சி திரும்பி வரும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு முறை.

23. பெண்கள் கேட்கத் தயங்கும் ஒன்று. வெள்ளைப்படுதலுக்கு எழுதும் குளோட்ரிமசோல் மாத்திரை பெரும்பாலும் பெண்ணுறுப்பின் உள்ளே வைக்கவேண்டியது. பார்க்கச் சாதாரண மாத்திரை மாதிரி இருப்பதால் விழுங்கிவிடுகிறவர்கள் உண்டு. கவுன்டரில் ஆண் நிற்கிறான் என்று பேசாமல் போய்விடாதீர்கள். சீட்டு எழுதும் இடத்தில் நர்ஸம்மாவிடம் கேளுங்கள், இல்லை அட்டையைக் காட்டி 'வாய்க்கா, உள்ளேயா?' என்று இரண்டே வார்த்தை போதும். ராத்திரி படுக்கும்போது வைப்பது நல்லது.

24. ஆசனவாய் வழியாக வைக்கும் மருந்து உடம்புச் சூட்டில் உருகும்படி செய்தது. கத்திரி வெயிலில் பையிலேயே உருகிவிடும். உறையோடு குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் இறுகும், பிறகு உறையைப் பிரியுங்கள். இடது பக்கமாகப் படுக்கவைத்து, கூர்முனையைத் தண்ணீரில் நனைத்து வையுங்கள். உறையைப் பிரிக்காமல் வைத்தவர் உண்டா என்று கேட்காதீர்கள், உண்டு.

25. இன்சுலினில் எண்ணைப் பாருங்கள். பாட்டிலில் 40 என்று இருந்தால் மி.லி.க்கு 40 யூனிட், 40-க்கான சிரிஞ்சு, சிவப்பு மூடி. 100 என்று இருந்தால் ஆரஞ்சு மூடி. பேனாவுக்குள் போடும் குப்பியும் 100-தான். பேனா ரிப்பேர் என்று குப்பியிலிருந்து 40 சிரிஞ்சில் இழுத்து 20 கோடு வரை போட்டால் 20 யூனிட் போகாது, 50 யூனிட் போகும். ராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து ஆள் எழுந்திருக்க மாட்டார். அதையே தலைகீழாக்கி, 40 மருந்தை 100 சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் 8 யூனிட்தான் போகும், சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். மூடி நிறத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். கலங்கலாக இருக்கும் வகையைக் குலுக்காமல் உள்ளங்கையில் பத்து முறை உருட்டுங்கள். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் விட்டு, தினமும் இடம் மாற்றிப் போடுங்கள். போட்டதும் பத்து எண்ணி ஊசியை எடுங்கள், தேய்க்கவேண்டாம்.

26. பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினுக்கு மண்பானை. பெரிய பானைக்குள் மணல் பரப்பி, அதில் சின்ன பானையை வைத்து, மணலை ஈரமாகவே வைத்திருங்கள். இன்சுலினைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சின்ன பானைக்குள் வைத்து மூடுங்கள். பிரிட்ஜ் உண்டென்றால் கதவுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசர் பக்கம் கூடவே கூடாது. உறைந்த இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் செத்த மருந்துதான். பைக் பெட்டியில் வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போகாதீர்கள்.

27. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகும் சர்க்கரைக்காரர்களுக்கு. 14 கி.மீ. நடை. அன்றைக்குத் தொடையில் இன்சுலின் போடாமல் வயிற்றில் போடுங்கள், நடக்கிற தொடையிலிருந்து மருந்து சட்டென ரத்தத்தில் ஏறிவிடும். அளவைக் குறைக்கவேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கினால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, உடனே. கடலை உருண்டை வேண்டாம். நம் ஊர் மல்லாட்டைதான், மறுக்கவில்லை, ஆனால் அதிலுள்ள எண்ணெய் சர்க்கரை ஏறுவதைத் தாமதிக்கும்.

28. 'ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பா இருக்கும்.' ஐந்து சத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஐந்தாறு ஸ்பூன். வாயால் குடிக்க முடிகிறவருக்கு உப்பு போட்ட கஞ்சி அதைவிட மேல், ஊசி குத்தின இடம் வீங்கவும் செய்யாது.

29. ஊசியே கதி என்று இருக்கும் இடங்களும் உண்டு. நாய் கடித்தால் 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் இரண்டு கையிலும் 0.1 மி.லி. வீதம், 0, 3, 7, 28-ஆம் நாட்களில். "கொஞ்சூண்டு போட்டு அனுப்பிட்டாங்க" என்று கோபப்படவேண்டாம், அளவே அவ்வளவுதான். இடுப்பில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், கொழுப்பில் சிக்கினால் வேலை செய்யாது.

மல்லாட்டை பிடுங்கும்போது பாம்பு கடித்தால் அதற்கு மாத்திரையோ களிம்போ கிடையாது. விஷமுறிவு மருந்து நரம்பில் ஏற்றுவது மட்டும்தான், அதையும் ஆஸ்பத்திரியில்தான். கயிறு கட்டாமல், கீறாமல், கடிபட்ட காலை அசையாமல் தூக்கிச் செல்லுங்கள். அந்த மருந்துக்கான விஷத்தை 1978-இல் பதிவான வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

30. வழி முக்கியம் என்பது சித்த மருத்துவத்துக்குப் புதிதில்லை. அக மருந்து 32 வகை, புற மருந்து 32 வகை என்று வகுத்து, ஒவ்வொன்றையும் எதில் குழைத்துக் கொடுப்பது என்று அனுபானமும் சொல்லிவைத்தார்கள். குடிநீர் அதாவது கஷாயம் காய்ச்சினால் மூன்று மணி நேரத்துக்குள் குடிக்கவேண்டும். காலையில் காய்ச்சிய நிலவேம்பை ராத்திரி சுடவைத்துக் குடிப்பதில் பயனில்லை. அலோபதி மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரண்டு டாக்டரிடமும் சொல்லுங்கள்.

31. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

32. அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி இருக்கும் முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள். மாதம் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதக் கடைசி நாள்வரை செல்லும். பிரிட்ஜ் மேல்பக்கம், டிவிக்குப் பின்னால், அடுப்புக்குப் பக்கத்தில் எல்லாம் சூடு. அரிசிப் பானை இருக்கும் இருட்டு மூலையே மேல்.

33. 'உடம்பு வலிக்கு ஒரு செட்டு மாத்திரை குடுங்க' என்று உதிரியாக வாங்குவதை விட்டுவிடுங்கள். அந்தச் செட்டில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம். பேர் தெரியாத மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனால் டாக்டரிடம் என்னவென்று சொல்வீர்கள்?

34. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தனியார் டாக்டரிடமும் காட்டுபவர்கள், முதல்வர் மருந்தகத்தில் வாங்குபவர்கள், எல்லா அட்டையையும் ஒரே பையில் கொண்டுவந்து ஒருமுறை கவுன்டரில் கொட்டுங்கள். அட்டையின் நிறமும் கம்பெனிப் பேரும் வேறாக இருக்கும், உள்ளே இருக்கும் அம்லோடிபின் ஒன்றாகவே இருக்கும். போன வாரம் ஒரு பெரியவர் மூன்று கம்பெனிப் பேரில் ஒரே மருந்தை மூன்று மாத்திரையாகப் போட்டுக்கொண்டிருந்தார், கால் வீங்கி வந்தார்.

35. போட்ட ஊசியைக் குப்பைத் தொட்டியில் எறியாதீர்கள், துப்புரவுக்காரர் கையில் குத்தும். கெட்டியான காலி பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, முக்கால் நிரம்பியதும் மூடியை இறுக்கி ஆஸ்பத்திரியில் கொடுங்கள்.